நான் கோடு போட்டு அடித்த டம்மி லோடு

செஞ்சியில் எங்கள் வீட்டு மாடியில் நான் எழுதுகிற மேஜையில், காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பொருள் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம் இருக்கும். கறுப்பு அலுமினியம், சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தகடுகள், ஒரு முனையில் வெள்ளி நிறத்தில் திருகு வாய். வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, "இது என்ன சார், மோட்டார் பைக் சாமானா?" என்று கேட்பார்கள். இல்லை. இதற்குப் பெயர் டம்மி லோடு. இதை வாங்க வேண்டாம் என்று ஒரு காலத்தில் அரசாங்கக் காகிதத்தில் எழுதியவன் நான்தான். அந்தக் கதையையும், அதை ஒட்டி நம் பக்கத்துக் கிராமங்களுக்குக் கம்பியில்லாமல் எழுத்து போன வரலாற்றையும் இன்று எழுதுகிறேன்.

நான் பிறந்தது செஞ்சி. படித்தது புதுச்சேரியில், தாய்மாமன் வீட்டில் தங்கி, பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் வந்தது. ஆட்சி போனாலும் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு போகவில்லை. கணக்கும் விஞ்ஞானமும் எனக்கு அந்த மொழியில்தான் மண்டையில் ஏறின. பிறகு புதுச்சேரியிலேயே ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. நடந்த தப்பில் என் பங்கும் உண்டு, அலுவலகத்தின் பெயர் கெடுவானேன்?

1990-களின் நடுவில் நான் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். மழைக்காலத்தில் வெளி நிலையங்களிலிருந்து ஏரி நீர்மட்டக் கணக்கு தலைமை அலுவலகத்துக்கு வர வேண்டும். டெலிபோன் கம்பி மழை வந்தால் முதலில் படுத்துவிடும். ஆகையால் வயர்லெஸ் செட்டோடு ஒரு மோடம் பெட்டியை இணைத்து, எண்களை நேராகக் கணினிக்கே அனுப்பலாம் என்று முடிவாயிற்று. டேட்டா ரேடியோ என்றார்கள். எங்கள் அலுவலகத்து வயர்லெஸ் மெக்கானிக், ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவர் இண்டென்ட் எழுதிக் கொடுத்தார். ரேடியோ, மோடம், கேபிள், 25 பின் கனெக்டர், 9 பின் கனெக்டர், ஈயம், கடைசியில் "டம்மி லோடு, 50 ஓம், 2 எண்ணிக்கை."

நான் படித்த இங்கிலீஷில் டம்மி என்றால் போலி. போலிப் பொருளுக்கு அரசுப் பணம் எதற்கு என்று எனக்குக் கோபமே வந்தது. அந்த வரியைக் கோடு போட்டு அடித்து, நோட் ஷீட்டில் "இந்தப் பொருளால் செய்தி எதுவும் அனுப்பவோ பெறவோ இயலாது என விசாரித்ததில் தெரிகிறது. எனவே தவிர்க்கலாம்" என்று எழுதினேன். நான் எழுதியது பொய் இல்லை. டம்மி லோடு எதையும் அனுப்பாது. அது அனுப்பாமல் இருப்பதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. மேலே கையெழுத்தாகி வந்தது. "பணம் மிச்சப்படுத்தினீர்" என்று ஒரு பாராட்டும் கிடைத்தது.

மெக்கானிக் என் மேஜைக்கு வந்து நின்றார். "சார், ஏரியல் இல்லாமல் செட்டைப் பேச விட்டால் எரிந்து போகும். மேஜையிலே சோதிக்க இது வேணும்."

"ஏரியலையே மாட்டிச் சோதியுங்களேன்."

"மேஜையிலே ஏரியல் எங்கே சார்? அது கம்பத்து மேலே இருக்கும்."

"அப்போ கம்பத்துக்குப் போய்ச் சோதியுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

செட்டுகள் வந்தன. மழைக்கு முன் தொடங்க வேண்டும் என்று அவசரம். மெக்கானிக் லீவில் இருந்த நாளில், சப்ளை செய்தவர் அனுப்பிய ஒரு பையன் கேபிளைப் பற்றவைத்து, ரேடியோவை மேஜையில் வைத்து, கணினியில் புரோகிராமைத் திறந்து வைத்தான். எல்லோரும் டீ சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. கருகிய வாசனை. உள்ளே அலையைப் பெருக்கி வெளியே தள்ளுகிற கடைசி டிரான்சிஸ்டர் போய்விட்டது.

லீவு முடிந்து வந்த மெக்கானிக் யாரையும் திட்டவில்லை. கேபிளை எடுத்து மல்டிமீட்டரில் ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அன்று கற்றதை என் வயதுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

கணினியையும் மோடத்தையும் இணைக்கிற அந்தக் கம்பிக்கட்டுக்கு ஆர்.எஸ்.232 என்று ஒரு விதிமுறை உண்டு. அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1960-இல் வகுத்தது. 1969-இல் வந்த அதன் திருத்தம்தான் உலகமெங்கும் பரவியது. அதில் ஒரு எழுத்து என்பது பிளஸ், மைனஸ் வோல்ட்டுகளின் வரிசை. 3 முதல் 15 வோல்ட் வரை பிளஸ் என்றால் 0, அதே அளவு மைனஸ் என்றால் 1. இதற்கு 25 பின் கொண்ட கனெக்டரைப் பயன்படுத்தினார்கள். 1984-இல் ஐ.பி.எம். தன் ஏ.டி. கணினியில் இடத்தை மிச்சப்படுத்த 9 பின் கனெக்டர் வைத்தது. அங்கேதான் வினை. பின்கள் குறைந்ததோடு நில்லாமல் எண்களும் மாறிவிட்டன.

25 பின்னில் கணினி பேசுகிற கம்பி 2, கேட்கிற கம்பி 3. 9 பின்னில் பேசுவது 3, கேட்பது 2. தரைக் கம்பி அங்கே 7, இங்கே 5. நம் பையன் இது தெரியாமல் எண்ணுக்கு எண் பற்றவைத்துவிட்டான், 2-க்கு 2, 3-க்கு 3, 4-க்கு 4 என்று. 9 பின்னில் 4 என்பது "நான் விழித்திருக்கிறேன்" என்று கணினி சொல்கிற கம்பி. புரோகிராம் திறந்திருக்கும் வரை அது பிளஸ்ஸில் நிற்கும். 25 பின்னிலோ 4 என்பது "நான் பேசப் போகிறேன், வழி விடு" என்று கேட்கிற கம்பி. ரேடியோ மோடத்தில் அதுதான் டிரான்ஸ்மிட்டரைத் தட்டி எழுப்புவது. ஆகவே கணினி சும்மா விழித்திருந்ததை, பேச விரும்புகிறது என்று மோடம் எடுத்துக்கொண்டு, ரேடியோவை இடைவிடாமல் அலை வீச வைத்தது. ஏரியலும் இல்லை, டம்மி லோடும் இல்லை. போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து பெற்ற இடத்தையே எரித்தது.

"டம்மி லோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டேன்.

"தகடு சூடாகியிருக்கும் சார். நானும் சிவப்பு விளக்கைப் பார்த்து, கேபிள் தப்புன்னு கண்டுபிடிச்சிருப்பேன். அவ்வளவுதான்."

அவர் சொன்ன சோதனை வரிசையை என் நோட்டில் எழுதி வைத்தேன். முதலில் கேபிளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு முனையின் ஒவ்வொரு பின்னும் மறுமுனையில் எங்கே போகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்து, கேபிளை அசைத்து அசைத்தும் பார்க்க வேண்டும். பக்கத்துப் பின்னோடு ஒரு நூல் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். அடுத்து, கேபிள் முனையில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு கம்பியால் சேர்த்துவிட்டு, கணினியில் எதையாவது தட்ட வேண்டும். தட்டிய எழுத்து திரையில் திரும்பி வந்தால், போன எழுத்து கேபிள் முனை வரை போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு இரண்டு கணினிகளை, 2-ஐ 3-க்கும் 3-ஐ 2-க்கும் மாற்றிப் போட்ட கேபிளால் நேராக இணைத்து, ரேடியோ இல்லாமலே பேசவைக்க வேண்டும். அதன் பிறகுதான் ரேடியோ. இரண்டு செட்டுக்கும் டம்மி லோடு மாட்டி, வழியில் வாட் மீட்டர் வைத்து, அலை வீசும்போது 13.8 வோல்ட் சப்ளை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே மேஜையில் இருக்கிற இரண்டு செட்டை நேராகக் கேபிளால் இணைக்கவே கூடாது. ஒன்று வீசுகிற சக்தி மற்றதன் காதைக் கெடுத்துவிடும். டம்மி லோடில் கசிகிற கொஞ்சமே அடுத்த செட்டுக்குக் கேட்கப் போதும். நூறு வரி அனுப்பி, நூறும் வந்ததா என்று எண்ண வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் கம்பம், ஏரியல், ஊர்.

"பிரெஞ்சிலே இதை என்ன சொல்வார்கள் சார்?" என்று அவர் சிரித்தபடி கேட்டார். அன்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகத்தில் பார்த்தேன். "ஷார்ழ் ஃபிக்தீவ்". கற்பனைச் சுமை என்று பொருள். அந்தப் பெயரைப் பார்த்திருந்தாலும் அன்றைக்கு நான் கோடு போட்டுத்தான் அடித்திருப்பேன்.

ரேடியோ பழுது பார்க்கப் போனது திரும்பி வர மாதங்கள் ஆயின. அந்த ஐப்பசி, கார்த்திகை மழை செட் இல்லாமலே போயிற்று. நீர்மட்டக் கணக்கை வெளி நிலையத்து லஸ்கர் ஒருவர் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சைக்கிளில் கொண்டு வந்தார். ஒரு ராத்திரி, தண்ணீர் ஓடிய மதகடியில் சைக்கிளோடு விழுந்து கை முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. அவருடைய மருத்துவச் செலவு ஃபைல் என் மேஜைக்குத்தான் வந்தது. ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் எழுதி அனுப்பினேன். என்னால் அன்று செய்ய முடிந்தது அவ்வளவே. அந்த ஃபைலில் "காரணம்" என்ற இடத்தில் "மழை" என்றுதான் எழுதியிருந்தது. இந்தக் கை எழுதிய கோடுதான் காரணம் என்று எழுத அங்கே கட்டம் இல்லை.

அதற்குப் பிறகுதான் இந்தச் சங்கதியின் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். மோடத்தின் வேகத்தை "1200 பாட்" என்று மெக்கானிக் சொல்வார். இந்தப் பாட் எங்கிருந்து வந்தது? எமில் போதோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரிலிருந்து. பிறந்தது 1845-இல், மஞோ என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில். ஆரம்பப் பள்ளிப் படிப்புதான். 1869-இல் தந்தி இலாகாவில் சாதாரண ஊழியராகச் சேர்ந்தார். அதாவது நம்மைப் போல ஓர் அரசாங்கச் சிப்பந்தி. ஒவ்வொரு எழுத்துக்கும் சம நீளமுள்ள ஐந்து அடையாளங்கள் என்று ஒரு முறையை வகுத்து, 1874-இல் காப்புரிமை பெற்றார். ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு நிலை என்றால் மொத்தம் 32 சேர்க்கைகள். மோர்ஸ் முறையில் ஓர் எழுத்து குட்டை, இன்னொன்று நெட்டை. போதோ முறையில் எல்லா எழுத்தும் ஒரே நீளம், ஆகவே இயந்திரமே எண்ணிப் படிக்க முடியும். 1877-இல் பாரிஸுக்கும் போர்தோவுக்கும் இடையே அவருடைய கருவி ஓடத் தொடங்கியது. 1903-இல் இறந்தார். உலகத்துக் கணினிகள் எழுத்தைப் பிளஸ், மைனஸாக மாற்றி அனுப்புவதன் மூதாதை இந்த மனிதர்தான். எட்டு வருஷம் பிரெஞ்சில் விஞ்ஞானம் படித்த எனக்கு இவரைப் பற்றி ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. ஒரு வயர்லெஸ் மெக்கானிக் வாயிலிருந்து வந்த அரைப் பெயரால்தான் தெரிந்துகொண்டேன்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். 1998 ஜனவரியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் கிராமத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பணம் கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்தது. வில்லியனூரில் தலைமை மையம். எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கிளை மையங்கள். வில்லியனூரில் டெலிபோன் வழியாக இன்டர்நெட். அங்கிருந்து கிராமங்களுக்கு, டெலிபோன் சரியில்லாத இடத்தில், வி.எச்.எஃப். ரேடியோவும் மோடமும். அதே செட்டில் பேச்சும் போகும், எழுத்தும் போகும். கரண்டு நிற்கிற ஊர்களானதால் சூரிய ஒளித் தகடும் பேட்டரியும் வைத்தார்கள். மையங்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். நெல் விலை, அரசாங்கச் சலுகைகள், ஆஸ்பத்திரி விவரம், பஸ் நேரம் என்று ஊருக்கு வேண்டியதைத் தமிழில் தட்டி அனுப்பினார்கள். "நம்ம ஊரு செய்தி" என்று ஒரு பத்திரிகையும் வந்தது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு, அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலுக்குப் போன ஒரு நாள், கேள்விப்பட்டு அந்த மையத்தை எட்டிப் பார்த்தேன். மற்றவர்கள் கணினித் திரையைப் பார்த்தார்கள். என் கண் மேஜைக்குப் பின்னால் போயிற்று. செட்டைக் கையாண்ட பெண், அனுப்புவதற்கு முன் கனெக்டரின் இரு பக்கத்துத் திருகையும் விரலால் ஒரு சுற்று முடுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். "ஏம்மா அது?" என்றேன். "ஆடினா எழுத்து உடைஞ்சு போயிடும் ஐயா" என்றாள். எனக்கு முப்பது வருஷ சர்வீஸில் விளங்காதது அந்தப் பெண்ணுக்குச் சில மாதத்தில் விளங்கியிருந்தது.

அந்தக் கீழூரை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1954 அக்டோபர் 18-இல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்வதா என்று மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்த ஊர் அது. 178 பேரில் 170 பேர் சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அதற்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, வருஷா வருஷம் கொடியேற்றுகிறோம். அதே ஊருக்கு நாற்பத்து நான்கு வருஷம் கழித்து எழுத்து காற்றில் வந்ததற்கு ஒரு கல்லும் இல்லை. கல் வேண்டும் என்று கேட்கவில்லை. நினைவில் இருந்தால் போதும். அந்தத் திட்டத்துக்கு 1999-இல் மோட்டோரோலா நிறுவனத்தின் தங்க விருதும், 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதும் கிடைத்தன. விருது வாங்கியவர்களின் உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் எந்த விருதிலும் கேபிள் பற்றவைத்தவரின் பெயர் வருவதில்லை.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி, சுனாமி. நல்லவாடு மீனவர் ஊரிலும் இதே நிறுவனத்தின் தகவல் மையம் ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர்க்காரர் ஒருவர் டெலிபோனில் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், மற்ற நாட்களில் கடல் நிலவரம் சொல்கிற ஒலிபெருக்கியிலேயே, ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். 3,600-க்கு மேற்பட்ட மக்கள் இருந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் தப்பினார்கள் என்று அப்போதே பதிவாயிற்று. அந்தக் காலையில் கடைசிக் கம்பி ஒன்று கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். நாள்தோறும் அந்த ஒலிபெருக்கியைப் பேசவைத்ததே ஒரு சோதனைதான். அதனால்தான் வேண்டிய நேரத்தில் அது பேசியது.

மாடியிலிருந்து பார்த்தால் ராஜகிரி தெரிகிறது. தமிழ்நாட்டிலேயே பலமான கோட்டை என்று பெயர் வாங்கியது. மூன்று மலை, அவற்றை இணைக்கிற மதில், அகழி. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. மலையையோ மதிலையோ யாரும் தகர்க்கவில்லை, வாசலை வெடிவைத்துத்தான் நுழைந்தார்கள். 1761 வரை பிரெஞ்சுக் கொடி பறந்தது. பள்ளியில் இதைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. எவ்வளவு பெரிய கட்டுமானமானாலும், இரண்டு சேர்கிற இடத்தில்தான் அதன் பலவீனம். கோட்டைக்கு வாசல், ரேடியோவுக்குக் கனெக்டர். இன்று ஊரைச் சுற்றி எத்தனையோ டவர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்து, கனெக்டரை முடுக்கி, மழைத் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

எரிந்த செட் பழுது பார்த்து வந்த பிறகு, டம்மி லோடு இரண்டு வாங்கச் சொல்லி நானே நோட் எழுதினேன். முன்பு நான் எழுதியது தவறு என்றும் அதிலேயே எழுதினேன். குமாஸ்தா தன் நோட்டைத் தானே மறுத்து எழுதுவது அரிது. மேலதிகாரி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பல வருஷம் கழித்து அந்தச் சாமான்களெல்லாம் கழிவென்று ஏலத்துக்கு வந்தபோது, ஒன்றை நான் எடுத்தேன். பணம் கட்டிய ரசீது பத்திரமாக இருக்கிறது, யாரும் சந்தேகப்பட வேண்டாம். லஸ்கரும் மெக்கானிக்கும் இப்போது இல்லை. கறுப்புத் தகடு மட்டும் என் காகிதங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எதைப் பற்றியாவது தெரியாமல் "தேவையில்லை" என்று எழுதக் கை போகும்போது, பேனாவை வைத்துவிட்டு அதை ஒரு முறை தூக்கிப் பார்க்கிறேன்.